வேண்டுமென்றே வந்து விழுகிறவர்கள்: காரில் கேமரா வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

குழித்துறைக்காரன்:

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு இரவு. மைத்துனனைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் விட்டுவிட்டு நானும் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். களியக்காவிளை தாண்டிக் குழித்துறைக்கு முன்னால் ரோடு வளைகிற ஒரு வளவு. மழை விட்டு ரோடு நனைந்து கிடந்ததால் முப்பதில்தான் வந்தேன். எதிரே வந்த பைக் சட்டென்று என் பக்கம் திரும்பியது. பிரேக்கைச் சவட்டினேன், வண்டி நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் வலது பக்கக் கண்ணாடியில் 'டக்' என்று ஒரு தட்டு. பைக் பையச் சரிந்தது, அவனும் பையச் சரிந்தான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, நாலு பேர் சுற்றி நின்றார்கள். ஒருவன் சாவியை உருவிக்கொண்டான். கால் எலும்பு போயிற்று, ஸ்கேன் எடுக்கணும், கேஸ் என்று போனால் வண்டி ஸ்டேஷனில் மாசக்கணக்கில் கிடக்கும், லைசன்ஸ் போகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இருபதாயிரத்தில் ஆரம்பித்த பேச்சு எட்டாயிரத்தில் முடிந்தது. ஜிபே வேண்டாமாம், காசுதான் வேண்டுமாம். மைத்துனன் பிள்ளைகளுக்கு என்று மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போன பணம் அது.

வண்டியை எடுத்து நூறு அடி வந்ததும் மனைவி சொன்னாள்: "அவன் அந்தக் காலாலதான் கிக்கரை உதைச்சான்." நான் பார்க்கவே இல்லை.

போன வாரம் கூட வேலை பார்க்கும் ஒருவரும் இதே கதையைச் சொன்னார். அவருக்குத் தக்கலைக்கு இந்தப் பக்கம், பன்னிரண்டாயிரம். எனவே கேமரா வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், அது அந்த இரவில் எனக்கு உதவியிருக்குமா? போலீஸும் கோர்ட்டும் அதை ஏற்றுக்கொள்ளுமா? எதை வாங்கலாம்?

ஏர்போர்ட் ஓட்டம்:

அண்ணே, நான் டாக்சி. கேமரா வைத்து நாலு வருசம் ஆகிறது. கோர்ட் வரைக்கும் ஒரு தடவைகூடப் போனதில்லை. அதுதான் அதனால் கிடைத்த லாபம்.

பார்வதிபுரம் பாலத்துக்குக் கீழே நெரிசலில் நிற்கிறேன். முன்னால் நின்ற ஆட்டோ பின்னாலேயே உருண்டு வந்து என் பம்பரில் முட்டியது. இறங்கி வந்தவர் நான்தான் பின்னால் இருந்து இடித்தேன் என்று சத்தம் போட்டார், கூட்டமும் கூடிவிட்டது. போனை எடுத்து, கேமராவின் வைஃபையில் அந்த இருபது விநாடியை மட்டும் கண்ணாடி வழியாகவே காட்டினேன். கூட்டத்தில் நின்ற பெரியவர் ஒருவர்தான் முதலில் சிரித்தார். ஆட்டோக்காரர் "சரி சரி, போங்க" என்று ஏறிப் போய்விட்டார்.

உங்களுக்கு நடந்தது வேறு ரகம், அது செட்டப். அவர்களுக்கு வேண்டியது ஒரே விஷயம், நீங்கள் பதறவேண்டும். கேமரா இருந்தால் பதற்றம் பாதியாகக் குறையும். பின்கண்ணாடியில் 'கேமரா பதிவாகிறது' என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறேன். கேமரா பார்க்கும், ஸ்டிக்கர் பேசும்.

கோட்டார் முடுக்கு:

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. நாலு பேர் நின்று சாவியை உருவுகிற இடத்தில் "பாருங்க, வீடியோ இருக்கு" என்றால் அவன் முதலில் பிடுங்குவது கேமராவை. எட்டாயிரத்தோடு போனது, கேமராவுக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம் ஆகியிருக்கும்.

ஏர்போர்ட் ஓட்டம்:

அதனால்தான் சொல்கிறேன், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கவேண்டும். அண்ணன் கண்ணாடியை முழுதாக இறக்கியதால்தானே சாவியை உருவினான்? இரண்டு விரல் அளவு இறக்கினால் போதும், பேச்சு கேட்கும். 2023 ஜனவரியில் பெங்களூர் சர்ஜாபூர் ரோட்டில் அதிகாலை நேரம் ஒரு பைக் எதிரே வந்து காரில் வேண்டுமென்றே மோதியது எல்லோருடைய போனிலும் ஓடியதே, அந்தக் காரில் இருந்த தம்பதி இறங்கவே இல்லை. வண்டியைப் பின்னாலேயே எடுத்துப் போனார்கள். வீடியோ வெளியே வந்ததும் போலீஸ் ஆளைப் பிடித்தது.

தோவாளைப்பூ:

இதைப் படிக்கும்போது எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வருகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஸ்கூட்டி ஓட்டுகிறவள். ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழியில் இருந்து தோவாளை வரைக்கும் ஸ்கூட்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வண்டி தானாகவே இரண்டு அடி தள்ளிப் போகும். முப்பந்தலில் சும்மாவா அத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள்? போன வருடம் ஒரு கார் ஒட்டி முந்திப்போனபோது தடுமாறி அதன் பக்கத்தில் உரசி விழுந்துவிட்டேன். முழங்கையில் ஆறு தையல். அந்தக் காரில் இருந்தவர் என்னைத் தூக்க வரவில்லை. கண்ணாடிக்குள் இருந்தபடியே போனை நீட்டி, "எல்லாம் பதிவாகுது, உங்க டிராமா தெரியும்" என்றார். என்னைத் தூக்கியது பூ மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா.

ஏமாற்றுகிறவன் இருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்டிக்கரைக் காட்டுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தால், உண்மையில் விழுந்தவளை யார் பார்ப்பார்கள்?

குழித்துறைக்காரன்:

நீங்கள் சொல்வதும் சரிதான் அக்கா. அந்த இரவுக்குப் பிறகு யார் விழுந்தாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. எட்டாயிரத்தைவிட அதுதான் பெரிய நஷ்டம் என்று மனைவியும் சொல்கிறாள்.

பழைய ஏட்டு:

முப்பது வருடம் காக்கி போட்டவன் என்ற முறையில் இரண்டு பக்கத்துக்கும் சொல்கிறேன்.

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஓட்டுநரின் கடமை. மோட்டார் வாகனச் சட்டம் 134 ஆம் பிரிவு. கூட்டம் அடிக்க வருகிறது என்றாலோ கையை மீறிய வேறு காரணம் இருந்தாலோ அந்தக் கடமையில் இருந்து அதே பிரிவே விலக்கும் தருகிறது. ஆனால் போலீஸுக்குத் தகவல் சொல்லியாகவேண்டும், நேரமாகிவிட்டாலும் 24 மணி நேரத்துக்குள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுக்கவேண்டும். பூட்டிய காருக்குள் இருந்தே 112 ஐயும் 108 ஐயும் கூப்பிடுங்கள். உண்மையில் அடிபட்டவர் ஆம்புலன்ஸ் வருகிறது என்றால் நிம்மதி அடைவார், செட்டப் ஆள் "ஆம்புலன்ஸ் எல்லாம் எதுக்கு சார்" என்பான். ஆள் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும். அக்காவின் கேள்விக்கும் அதுதான் என் பதில். வந்தவர் மீது சந்தேகமே இருந்தாலும் 108 ஐக் கூப்பிடுங்கள்.

வண்டி மாசக்கணக்கில் கிடக்கும் என்பது பழைய மிரட்டல். வண்டியைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து முடித்ததும் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பிக் கொடு என்று 136 ஆம் பிரிவு சொல்கிறது. நடப்பில் ஒன்றிரண்டு நாள் கூடலாம். சின்னக் காயம் என்றால் ஸ்டேஷன் ஜாமீன்தான். உண்மையிலேயே உங்கள் தவறாக இருந்தாலும் நஷ்ட ஈட்டை உங்கள் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்தான் கொடுக்கப்போகிறது. அப்புறம் ரோட்டில் நின்று எதற்குக் காசு எண்ணுகிறீர்கள்? பயம்தானே.

மிரட்டிக் காசு வாங்குவது இப்போதைய குற்றச் சட்டமான நியாய சன்ஹிதாவில் 308 ஆம் பிரிவு. நீங்கள் மறுநாளே போய் ஒரு மனு எழுதிக் கொடுத்து, மனு வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கவேண்டும். இப்போதும் கொடுக்கலாம். இரண்டு மனு ஒரே வளவைப் பற்றி வந்தால் எங்கள் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள், ஒன்று மட்டும் வந்தால் ஃபைலில் தூங்கும். கேரளப் பக்கம் நடந்திருந்தாலும் இங்கேயே கொடுக்கலாம். எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம் என்பது 2024 ஜூலையிலிருந்து சட்டத்திலேயே வந்துவிட்டது.

ஸ்க்ரூடிரைவர்:

நாகர்கோவிலில் கேமரா மாட்டுகிற வேலைதான் எனக்கு. கடை பேர் சொல்லமாட்டேன், விளம்பரம் ஆகிவிடும்.

மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் முன்கண்ணாடி அருகே வெப்பம் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிற கேமரா இரண்டு கோடையில் ஊதிப்போகும், என் மேசை இழுப்பறையில் அப்படி ஊதினவை ஏழெட்டு கிடக்கின்றன. பேட்டரிக்குப் பதில் சூடு தாங்கும் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்தது, வீடியோ பதிவாகிற மெமரி கார்டு. போனில் இருந்து கழற்றிய பழைய கார்டைப் போடாதீர்கள், ஓயாமல் எழுதி எழுதி அது ஆறு மாதத்தில் செத்துவிடும், செத்தது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஓயாமல் எழுதினாலும் தாங்குவதை ஹை எண்டியூரன்ஸ் என்று தனியாகவே விற்கிறார்கள். முன்பக்கம் மட்டும் 1080 இல் பதிவு செய்தால் 128 ஜிபியில் பதினாறில் இருந்து இருபது மணி நேரம் நிற்கும். அதற்கு மேல் பழையதன்மேல் புதியது எழுதும். பின்கேமராவும் சேர்த்தால் அதில் பாதி.

இனி நம் ஊர்ச் சங்கதி. வண்டி இடிபட்டால் அந்த வீடியோக் கோப்பை அழியாதபடி தானாகவே பூட்டி வைக்கும் ஜி சென்சார் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. அதைக் கூர்மையாக வைத்தால் நம் ரோட்டுக் குழி ஒவ்வொன்றையும் விபத்து என்று நினைத்துப் பூட்டிவிடும். ஒருவர் கேமரா நின்றுவிட்டது என்று கொண்டுவந்தார். பூட்டிய கோப்புகளே கார்டை நிறைத்துவிட்டன, அத்தனையும் குழி. சரி என்று மந்தமாக வைத்தால், குழித்துறை அண்ணனுக்கு நடந்ததுபோல் கண்ணாடியில் ஒரு மெல்லிய தட்டு விழுந்தால் சென்சார் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்தச் செட்டப் ஆட்கள் தட்டுவதே மெதுவாகத்தான், அவனுக்கும் உடம்பு முக்கியமல்லவா? அதனால் சேவ் பட்டன் எங்கே இருக்கிறது என்று இருட்டில் தடவியே கண்டுபிடிக்கப் பழகுங்கள். ஏதாவது நடந்தால் முதல் வேலை அதை அழுத்துவதுதான்.

இரவில், மழையில், எதிர் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் தெரியும் என்று எண்ணவேண்டாம். விலை கூடிய கேமராவிலும் பல நேரம் வெள்ளைக் கட்டிதான் தெரியும். நம்பரை வாயால் உரக்கச் சொல்லுங்கள், மைக் பதிந்துகொள்ளும். கேமராவை உள்கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினால் பார்வையை மறைக்காது.

கத்தார் மச்சான்:

துபாய்ப் பக்கம் போலீஸ் பேப்பர் இல்லாமல் ஒர்க்ஷாப்காரன் பம்பரைத் தொடமாட்டான். அதனால் ரோட்டில் பேரம் பேச இடமே இல்லை. சீனாவில் இந்தத் தொழிலுக்குத் தனிப் பேரே உண்டு, 'பீங்கானைத் தொடுவது' என்று அர்த்தம் வரும். ஏற்கனவே உடைந்த ஜாடியை வேண்டுமென்றே யார் மீதாவது முட்டவிட்டுக் காசு கேட்பதில் இருந்து வந்ததாம். உலகம் முழுக்க ஒரே புத்திதான் போல.

வக்கீல் குமாஸ்தா:

எல்லோரும் ரோட்டில் நடப்பதையே பேசுகிறீர்கள். அது சில்லறை. நான் விபத்து நஷ்ட ஈட்டு வழக்கு நடக்கிற கோர்ட்டில் கட்டுத் தூக்குகிறவன், மொத்த வியாபாரம் வேறு இடத்தில் நடக்கிறது.

ஒருவன் தண்ணி போட்டுத் தானாகவே பைக்கில் இருந்து விழுவான். கால் உடையும். ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவுப் புத்தகத்தில் 'தானே விழுந்ததாகச் சொல்கிறார்' என்று டாக்டர் எழுதுவார். அந்த நேரத்தில் அவன் உண்மையைத்தான் சொல்வான், வலி அப்படி. பிறகு யாரோ ஒரு புத்திசாலி வந்து, தானாக விழுந்தால் ஒன்றும் கிடைக்காது, ஒரு காரைச் சேர்த்தால் லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று ஓதுவான். பத்து, இருபது நாள் கழித்து ஒரு புகார், அதில் ஒரு வண்டி நம்பர். சில சமயம் வண்டிக்காரனும் கூட்டு, இன்சூரன்ஸ்தானே கட்டப்போகிறது என்று லைசன்ஸைக் கொடுப்பான். சில சமயம் அன்றைக்கு அந்த வழியாகப் போன ஏதோ ஒரு அப்பாவியின் நம்பர். உத்தரப்பிரதேசத்தில் இப்படிப் போலி மனுக்கள் குவிந்து, 2015 இல் உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டது. 2021 இல் உச்ச நீதிமன்றம் அங்கே இருந்த வக்கீல்களையும் பார் கவுன்சிலையும் சேர்த்தே கண்டித்தது.

ஏ.ஆர். காப்பிதான் இதில் முதல் சாட்சி. இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் கேட்பதே அதைத்தான். வண்டி நம்பர் உள்ளே வந்த தேதிக்கும் விழுந்த தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பது இரண்டாவது.

இங்கே கேமரா என்ன செய்யும்? இருபதாம் நாள் உங்கள் வீட்டுக்குப் போலீஸ் வரும்போது அன்றையப் பதிவு கார்டில் இருக்காது. ஸ்க்ரூடிரைவர் சொன்ன கணக்குதான். எனவே ஒரு உரசல், ஒரு வாய்ச்சண்டை, ஒருவன் முறைத்துவிட்டு நம்பரைக் குறித்துக்கொண்டான் என்றால்கூட அன்றைக்கு இரவே அந்த ஒரு மணி நேரத்தை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். நாலு கோப்பு, பத்து நிமிட வேலை.

கோர்ட் ஏற்குமா என்று கேட்டீர்கள். ஏற்கும், ஆனால் முறை உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இப்போது சாட்சிய அதினியத்தில் 63 ஆம் பிரிவு. காப்பி எடுத்துக் கொடுத்தால் கூடவே சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் எண்ணும் வரவேண்டும். ஒரு பகுதியில் கொடுப்பவரும் இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்துப் போடவேண்டும். அசல் கருவியையே அதன் சொந்தக்காரர் கோர்ட்டில் வைத்து நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, பழைய சட்டத்தின்கீழ். அதனால் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டுப் புதுக் கார்டு போடுங்கள். ஒரு கார்டின் விலையை மிச்சம் பிடிக்க அதே கார்டை ஓட்டி அசலை அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போலீஸ் கார்டைக் கேட்டால், அதை எடுத்ததாக எழுதும் மகஜர் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

இன்னொன்று, கேமராவில் தேதி, நேரம் சரியாக இருக்கிறதா? ஒரு வழக்கில் எங்கள் கட்சிக்காரர் கொண்டுவந்த வீடியோவின் மூலையில் விபத்து நடந்த தேதிக்கு மூன்று வருடம் முந்தைய ஜனவரி 1. எதிர்த்தரப்பு அதை மட்டும் பிடித்துக்கொண்டு அரை நாள் குறுக்கு விசாரணை செய்தார்கள். ஜிபிஎஸ் உள்ள கேமரா நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை.

கோட்டார் முடுக்கு:

இப்போது கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் ஒரு கேள்வி. தப்பு நம்முடையதாக இருந்தால்? என் மச்சான் திங்கள்சந்தையில் ஒரு வயதானவரின் சைக்கிளைத் தட்டிவிட்டான், அவர் திரும்பியது தெரியவில்லை என்று சத்தியம் செய்தான். வீட்டில் வந்து வீடியோவைப் பார்த்தால் அவர் கையை நீட்டிச் சைகை காட்டிவிட்டுத்தான் திரும்புகிறார். இவன் அந்த நேரத்தில் பாட்டை மாற்றிக்கொண்டிருக்கிறான், அதுவும் மைக்கில் இருக்கிறது. அழித்துவிடட்டுமா என்று என்னிடம் கேட்டான்.

வக்கீல் குமாஸ்தா:

அழித்தால் அது தனிக் குற்றம். சாட்சியாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பதற்கென்றே நியாய சன்ஹிதாவில் பிரிவு இருக்கிறது. என்ன செய்தான்?

கோட்டார் முடுக்கு:

அழிக்கவில்லை. பெரியவரை ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அவனே கொண்டுபோனான், இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கொடுத்தான். பெரியவர் வீட்டில் கேஸே வேண்டாம் என்றார்கள். சைக்கிள் மட்டும் புதிதாக வாங்கிக் கொடுத்தான்.

தோவாளைப்பூ:

இப்படி ஒரு பதிவை இங்கே எதிர்பார்க்கவில்லை. அந்த மச்சானுக்கு என் வணக்கம். என் ஸ்கூட்டிக்கு ஏதாவது கேமரா உண்டா? ஹெல்மெட்டில் மாட்டுவது எல்லாம் வேண்டாம், காற்றில் கழுத்து வலிக்கும்.

ஸ்க்ரூடிரைவர்:

இருக்கிறது அக்கா, ஹேண்டிலுக்குக் கீழே மாட்டுவது. மழை புகாதபடி வருகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டாக வாங்குங்கள், உங்களை ஒட்டி முந்துகிறவன் பின்கேமராவில்தான் முதலில் வருவான்.

குழித்துறைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று கேமரா மாட்டிவிட்டேன், கெபாசிட்டர், ஜிபிஎஸ், பின்கேமரா எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. ஏட்டையா சொன்னபடி கூட வேலை பார்ப்பவரையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மனு கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டோம். எழுதி வாங்கியவர் நல்லபடியாகவே பேசினார். பைக் நம்பர் என்ன என்றார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மனைவிக்குக் கடைசி இரண்டு எண் 47 என்று ஒரு நினைவு, உறுதி இல்லை என்கிறாள்.

ஏர்போர்ட் ஓட்டம்:

அண்ணே, அது எந்த ஞாயிறு? எத்தனை மணி இருக்கும்?

குழித்துறைக்காரன்:

பத்தொன்பதாம் தேதி. பதினொன்றரை இருக்கும்.

ஏர்போர்ட் ஓட்டம்:

அன்றைக்குப் பத்தே முக்காலுக்கு நானும் அதே வழியில்தான் வந்தேன். அந்த வளவுக்கு முன்னால் சாயா குடிக்க நிறுத்தினேன். நாலைந்து பேர் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்கள், என் வண்டியின் பின்கண்ணாடியை ஒருவன் குனிந்து படித்தான். ஸ்டிக்கரைத்தான் படித்திருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. என் கேமரா அவர்களைப் பார்த்தபடிதான் நின்றது. வீட்டுக்குப் போய்க் கார்டைப் பார்க்கிறேன்.

குழித்துறைக்காரன்:

பாருங்கள் தம்பி. நம்பர் மட்டும் கிடைத்தால் போதும்.

ஏர்போர்ட் ஓட்டம்:

பார்த்துவிட்டேன் அண்ணே. நான் தினம் ஆறேழு மணி நேரம் ஓட்டுகிறவன், கார்டில் கடைசி மூன்று நாள்தான் இருக்கிறது. பூட்டின கோப்புகளில் பத்தொன்பதாம் தேதி போட்டு ஒன்றே ஒன்று இருந்தது, இரவு 10.31. ஓடிப்போய்த் திறந்தேன். களியக்காவிளைப் பக்கம் ஒரு குழி.